தீர்மானப் புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுங்கள்

வாசகர் கடிதம்:

"திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். எனக்கு 38 வயது. பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். 14 பேர் கொண்ட எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஆறு வருடமாக நான்தான் ஊக்குநர். கணக்கெழுதுவது, வங்கிக்குப் போவது, வீடு வீடாகத் தவணை கேட்பது எல்லாமே நான். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட நேரத்துக்கு வருவதில்லை. கேட்டால் 'நீயே பார்த்துக்கொள் அக்கா' என்கிறார்கள். போன மாதம் இரண்டு பேர் தவணை கட்டவில்லை. குழுவின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று 3,600 ரூபாயை நானே போட்டுக் கட்டினேன். 'உனக்கெதற்கு இந்தத் தலைமை?' என்கிறார் கணவர்.

கடந்த ஜனவரியில் தலைமைப் பண்புப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். ஐந்து வருடத்தில் அடைய வேண்டிய பத்து இலக்குகளை எழுதச் சொன்னார்கள். எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். பட்டப்படிப்பு, சொந்தத் தையல் கடை, வார்டு உறுப்பினர், ஆங்கிலம் பேசுவது, மகளைச் செவிலியர் ஆக்குவது, பத்து கிலோ எடை குறைப்பது, மாடி வீடு என்று நீள்கிறது பட்டியல். பத்து மாதமாகியும் ஒன்றும் நகரவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி எழுந்து கேட்டேன். கை நடுங்கி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தலைமைப் பண்பே இல்லையோ? இலக்கை எப்படித்தான் வைத்துக்கொள்வது?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த 3,600 ரூபாயில் வந்து நின்றுவிட்டேன். இலக்குகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இந்தப் பணம்.

நல்ல மனதோடுதான் கட்டினீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது உங்கள் கடன் பேரேட்டை எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு பேரும் போன மாதம் தவணை கட்டியதாகத்தான் அதில் இருக்கும். ஆறு வருடமாக ஒரு ரூபாய் பிசகாமல் எழுதிவந்த புத்தகத்தில், உங்கள் கையாலேயே நடக்காத ஒன்று ஏறிவிட்டது. வங்கியைப் பொறுத்தவரை குழு ஒழுங்காக இருக்கிறது. மற்ற பதினொரு பேருக்கு எதுவுமே தெரியாது. கட்டாத இரண்டு பேருக்கு மட்டும் ஒன்று நன்றாகத் தெரிந்துவிட்டது: நாம் கட்டாவிட்டால் அக்கா கட்டிவிடுவார். அடுத்த முறை இந்த இரண்டு பேர் நான்கு பேராவார்கள். அப்போது எங்கே போவீர்கள்?

வரும் செவ்வாய்க்கிழமை இதைக் கூட்டத்தில் வையுங்கள். அதற்கு முன் அந்த இருவரையும் தனித்தனியாக வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஏன் கட்ட முடியவில்லை என்று கேளுங்கள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தில் காரணம் இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை இல்லையா, ஆஸ்பத்திரிச் செலவா, வேறொரு நிதி நிறுவனத்தின் வாரத் தவணை கழுத்தை நெரிக்கிறதா? நான் பார்த்தவரை இப்போதெல்லாம் மூன்றாவது காரணம்தான் அதிகம். ஒரு பெண் நான்கு இடத்தில் கடன் வாங்கி, ஒன்றை வாங்கி ஒன்றை அடைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருப்பாள். அவளிடம் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும். பணத்தைக் கட்டிவிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நீங்கள் ஐந்து நிமிட வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏனென்றால் உங்களிடம் நேரமே இல்லை.

உண்மையான கஷ்டம் என்றால் குழுவின் சேமிப்பிலிருந்து அவர்களுக்கு உள்கடன் கொடுக்கலாம். அதற்குத்தான் மாதாமாதம் சேமிக்கிறீர்கள். அந்தத் தொகையிலிருந்து உங்கள் பணம் உங்களுக்குத் திரும்பட்டும். 'இவ்விருவரின் தவணையை ஊக்குநர் தன் சொந்தப் பணத்தில் கட்டினார்' என்ற வரி தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், அதன் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களை அவமானப்படுத்தும் நோக்கம் வேண்டவே வேண்டாம். பதினான்கு பேர் பெயரில் வாங்கிய கடனைப் பதினான்கு பேரும் கண்ணால் பார்க்கட்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் கடிதம் முழுக்கத் தேடியும் பிரதிநிதிகள் இரண்டு பேரும் அகப்படவில்லை. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இரண்டு பேர் என்று வைத்ததே வேலையைப் பிரித்துக்கொள்ளத்தான். பணம் எடுக்க அவர்கள் கையெழுத்தும் வேண்டுமே? அநேகமாக முந்தின நாள் இரவே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் வங்கி வரிசையில் நீங்கள் மட்டும் நிற்பீர்கள். சரியா?

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அதே மாவட்டத்தில் 1990களின் கடைசியில் பயிற்றுநராக வேலைக்குச் சேர்ந்தவள் நான். தலைமையைச் சுழற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று அன்றிலிருந்தே பயிற்சிகளில் சொல்லிவருகிறோம். தலையாட்டுவார்கள். ஆனால் கணக்குத் தெரிந்த ஒரு பெண் கிடைத்துவிட்டால் மொத்தச் சுமையையும் அவள் தலையில் இறக்கிவிடுவார்கள். அவளும் முதல் ஒரு வருடம் பெருமையாகச் சுமப்பாள். 'அவள் இல்லாவிட்டால் குழுவே இல்லை' என்று ஊர் சொல்வது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். அந்த வாக்கியத்தைக் கேட்டால் இன்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரணம் சொல்கிறேன்.

2003-ல் நான் பார்த்துக்கொண்ட குழுக்களில் ஒன்றில் பதினேழு பெண்கள். ஊக்குநர் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டார். கணக்கெழுத வேறு யாரும் முன்வரவில்லை. பத்தாம் வகுப்புப் படித்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். இரண்டு வாரம் அவளை எழுதவைத்தேன். ஒரு நாள் 410 ரூபாயை 140 என்று எழுதிவிட்டாள். கணக்கு கையிலிருந்த ரொக்கத்தோடு சேரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள், மழை வரும்போல் இருந்தது, எனக்கு அடுத்த ஊரில் இன்னொரு கூட்டம். அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி நானே திருத்தினேன். அன்றிலிருந்து ஐந்து மாதம் நானே எழுதினேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு என்னை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனபோது குழு கலைந்திருந்தது. கணக்கு எழுதப்படாததால், கடன் கொடுக்குமுன் குழுவை மதிப்பிடும் தரம் பிரித்தலில் தேறவில்லை, வங்கிக் கடன் வரவில்லை, ஒவ்வொருவராகச் சேமிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ரொக்கப் புத்தகத்தை ஒரு அம்மா பரணிலிருந்து எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் ஏதோ ஒரு குழந்தை பென்சிலால் ஒரு வீடும் தென்னை மரமும் வரைந்திருந்தது. அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் வெள்ளை.

மழைக்கு அரை மணி நேரம் நனைந்திருக்கலாம். அந்தப் பெண்ணே தப்பைக் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதைச் செய்யாமல் பேனாவை வாங்கினேனே, அந்த இடத்தில்தான் அந்தக் குழு கலைந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அதை மறக்க முடியவில்லை.

அதனால் உங்களுக்குத் தலைமைப் பண்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில் இது. பொறுப்பு உங்களிடம் நிறைய இருக்கிறது. ஆறு வருடம் யாரும் கேட்காமல் கணக்கெழுதுபவரிடம் அது இல்லாமல் போகாது. ஆனால் இதுவரை நீங்கள் செய்துவந்தது வேலை. பதினான்கு பேரின் வேலையை ஒருவர் செய்தீர்கள். தலைமை என்பது மற்ற பதின்மூன்று பேருக்கு என்ன தெரிந்திருக்கிறது, என்ன செய்ய முடிகிறது என்பதில்தான் தெரியும். அதை நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. இல்லாத ஒன்றுக்கும் தொடங்காத ஒன்றுக்கும் வித்தியாசம் உண்டு, மனதைத் தளரவிடாதீர்கள்.

மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. வயல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போய், கூலி பேசி வாங்கித் தந்தவர். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களின் தலைவியாக வளர்ந்தார். 2001-ல் டெல்லியில் அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் பிரதமர் அவர் காலைத் தொட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வேறொன்று முக்கியம். அவருக்கு எழுதத் தெரியாது என்றால், கணக்கை இன்னொருவர் எழுதினார் என்று அர்த்தம். பேரேடு அவர் கையில் ஒரு நாளும் இல்லை. ஆனால் பெண்கள் அவர் பின்னால் வந்தார்கள். உங்களுக்கு எழுத வருகிறது. அதனாலேயே பேரேட்டுக்குள் மாட்டிக்கொண்டீர்கள்.

இனி பீரோ கதவுக்கு வருவோம்.

அந்தப் பத்து இலக்குகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, 'பத்து எழுதுங்கள்' என்று யாரோ சொல்ல, பத்து நிமிடத்தில் எழுதியவை அவை. நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதச் சொன்னவள்தான். பத்து என்ற எண்ணை நிரப்புவதற்காக நான்கைந்து தானாக வந்து சேரும். ஆங்கிலமும் எடையும் எல்லோருடைய தாளிலும் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தாளைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மகளைச் செவிலியர் ஆக்குவதை இன்றே அந்தத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். அது உங்கள் மகளின் இலக்காக இருந்தால் அவள் தாளில் இருக்கட்டும். அவளுக்கு அது விருப்பமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இன்றிரவே கேளுங்கள். படிக்கவைப்பது, விண்ணப்பத்துக்கும் கட்டணத்துக்கும் பணம் ஒதுக்குவது உங்கள் கடமை. ஆவதும் ஆகாததும் அவள் வாழ்க்கை. இந்த ஒன்றில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டப்படிப்பு எங்கும் ஓடிப்போகாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து இருக்கிறது, நாற்பது வயதிலும் சேரலாம். தையல் கடைக்கு முதலில் வாரத்தில் இரண்டு நாளாவது கையில் மிச்சமாக வேண்டும். மாடி வீட்டைப் பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை.

மிஞ்சியது வார்டு உறுப்பினர். இதை எழுதும்போது என்ன நினைத்து எழுதினீர்கள்? பதவியை நினைத்து எழுதியிருந்தால் அது தேர்தல் தேதியின் கையில், வார்டு யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதன் கையில், ஊர்ப் பெரியவர்களின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-ல் சட்டத் திருத்தம் வந்தது உண்மை. வாசல் அகலமாகியிருக்கிறது. ஆனால் அடுத்தவர் கையில் உள்ள ஒன்றை இலக்காக வைத்துக்கொண்டால் தினமும் காலையில் எழுந்து செய்வதற்கு உங்களுக்கு என்ன இருக்கிறது?

கடிதத்தின் கடைசியில், ஏதோ வெட்கத்தைச் சொல்வதுபோல் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். கிராம சபையில் எழுந்து தெருக் குழாயைப் பற்றிக் கேட்டீர்கள். யார் கேட்கச் சொன்னது? பயிற்சித் தாளில் 'கிராம சபையில் பேசுவது' என்ற இலக்கு இல்லையே. தாளில் இருந்த பத்தில் ஒன்றையும் பத்து மாதமாகத் தொடவில்லை. தாளில் இல்லாத ஒன்றுக்காகக் கை நடுங்கியும் எழுந்து நின்றீர்கள். உங்கள் இலக்கு அங்கே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, நீங்களே அதைச் செய்துகாட்டிவிட்டீர்கள்.

ஆகவே பீரோவில் ஒட்ட வேண்டிய புதுத் தாளில் ஒரே ஒரு வரி போதும்: 'ஜனவரி 26 கிராம சபையில் எங்கள் தெருவின் குடிநீரைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டும், அன்று என்னோடு குழுவிலிருந்து பதின்மூன்று பேரும் வர வேண்டும்.'

இவ்வளவு குறிப்பாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எட்வின் லாக், கேரி லேதம் என்று இரண்டு உளவியலாளர்கள் இலக்குகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்களில் லேதம் 1970களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரக்கட்டை ஏற்றும் லாரி ஓட்டுநர்களிடம் ஒரு சோதனை செய்தார். 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்று சொன்ன காலத்தில் சட்டம் அனுமதித்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஏற்றினார்கள். '94 சதவீதம்' என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். கூடுதல் கூலி கிடையாது, ஏற்றாவிட்டால் தண்டனையும் கிடையாது. முதல் மாதம் நன்றாக ஏறியது. இரண்டாவது மாதம் இறங்கியது. சொன்னபடி தண்டிக்காமல் இருக்கிறார்களா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தண்டனை எதுவும் வரவில்லை. மறுபடி ஏறத் தொடங்கி, சில மாதங்களில் 90 சதவீதத்தைத் தொட்டது. 'முடிந்தவரை' என்ற சொல்லுக்கும் ஓர் எண்ணுக்கும் இருக்கும் தூரம் அது. அந்த இரண்டாவது மாதத்தையும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஒவ்வொன்றையும் செய்வதை நிறுத்தியதும் உங்கள் குழுவும் உங்களைச் சோதிக்கும். கூட்டத்துக்கு இன்னும் குறைவாக வருவார்கள். அக்கா மனம் இளகிப் பழையபடி ஓடி வருவாரா என்று பார்ப்பார்கள். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது கை நடுங்குகிறதே என்கிறீர்கள். அதற்கு எண் இலக்கு உதவாது. நமக்கு இன்னும் கைவராத வேலையில் 'இதை இத்தனை முறை சாதிக்க வேண்டும்' என்று வைத்தால் பதற்றம்தான் கூடும். 'இதைக் கற்றுக்கொள்வேன்' என்று வைப்பதே நல்லது என்று லேதமும் அவரோடு வேலை செய்தவர்களும் பின்னாளில் கண்டார்கள். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மேடைப் பேச்சும் இல்லை. தெருவில் எத்தனை வீடு, எத்தனை வீட்டில் இணைப்பு, வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை குடம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட, வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு இருக்கிறது. உங்கள் தெருவில் எவ்வளவு வருகிறது என்று குடத்தால் அளந்து, அந்த 55-க்குப் பக்கத்தில் எழுதுங்கள். கையில் தாள் இருந்தால் கை நடுங்கினாலும் எண் நடுங்காது. நீங்கள் படித்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

அளக்கும் வேலையை நீங்கள் செய்யக் கூடாது. ஒரு பிரதிநிதிக்குத் தெருவின் மேல்பாதி, இன்னொருவருக்குக் கீழ்பாதி. தவணை கட்டாத அந்த இரண்டு பேரையும் அவர்களோடு அனுப்புங்கள். கடன் பாக்கியோடு மட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மெல்ல வராமலே போய்விடுவார்கள். ஒரு வேலையோடு உட்கார்ந்திருப்பவர்கள் வருவார்கள். இதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 கூட்டத்துக்கு என் பதில் பிந்திவிட்டது, மன்னியுங்கள். உங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 501-லிருந்து 3,000-க்குள் இருந்தால் கூட்டத்துக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும் என்பது விதி. அந்த நூறில் பதினான்கு பேர் நீங்கள். சேர்ந்தாற்போல் உட்கார்ந்து, ஒரே தாளை வைத்துக்கொண்டு பேசினால் அதை யாரும் சத்தம் என்று ஒதுக்க முடியாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு வருடமாகக் குழுவில் நீங்கள் செய்துவருவது இதேதான், புத்தகம் மட்டும் வேறு. தீர்மானத்துக்குப் பிறகும் வேலை நடக்காவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு, அதன் பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒவ்வொரு முறையும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். அதை வைத்திருப்பது வேறொருவராக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்றால் பேரேடு உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். வங்கியிலிருந்து தொடங்குங்கள், அது எளிது. அடுத்த முறை இரண்டு பிரதிநிதிகளையும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருங்கள். சலானை முந்தின நாளே நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கேயே கேட்டு நிரப்பிக்கொள்வார்கள், அரை நாள் ஆனாலும் ஆகட்டும். கணக்கெழுத ஒருவரைப் பழக்குவதற்கு மூன்று மாதமாவது பிடிக்கும். முதல் மாதம் தீர்மானப் புத்தகம் மட்டும். யார் வந்தார்கள், என்ன பேசினோம் என்று எழுதுவதில் கூட்டல் கழித்தல் இல்லை, பயம் வராது. பிறகு சேமிப்பு, அதன் பிறகு ரொக்கப் புத்தகம். கடன் பேரேடு கடைசி. தப்பு வரும். உங்கள் கை தானாகப் பேனாவை நோக்கிப் போகும். மடியில் ஒரு துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருங்கள், கைக்கு வேலை இருந்தால் பேனா பக்கம் போகாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்குப் பலன் கொடுத்த வழி இது, நான் பூத்தொடுப்பேன்.

எப்போது செய்வது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் காட்டியது மிக எளிய விஷயம். 'செய்வேன்' என்று நினைப்பவர்களைவிட, 'இன்னது நடந்தவுடன், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். உங்களுக்கு அது இப்படி இருக்கலாம்: செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்தவுடன், புத்தகத்தை எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் நகர்த்துவேன். அவ்வளவு சின்ன அசைவு போதும். யோசிக்க நேரம் கொடுத்தால் நீங்களே எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றி ஒன்று. 'உனக்கெதற்கு இந்தத் தலைமை' என்பதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். வீட்டுப் பணத்தில் 3,600 ரூபாய் அவரைக் கேட்காமல் போயிருக்கும், நீங்கள் வீடு வீடாகத் தவணை கேட்டுத் தெருவில் நிற்கிறீர்கள். அவர் பார்க்கும் தலைமை அதுதான். பணம் திரும்பி வந்த அன்று அவர் கையில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வாதம் வேண்டாம். அதற்குப் பிறகும் அதையே சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு விதமாகப் பேசுவோம்.

ஜனவரி 26-க்கு இன்னும் பத்துச் செவ்வாய்க்கிழமைகள் இருக்கின்றன. கிராம சபை முடிந்த அன்று மாலை எனக்கு ஒரு கடிதம் வேண்டும். குழாயில் தண்ணீர் வந்ததா என்று அதற்குள் கேட்க மாட்டேன். எத்தனை பேர் உங்களோடு வந்தார்கள், தாளைப் படித்தது யார் என்று மட்டும் எழுதுங்கள். படித்தது நீங்களாக இல்லாவிட்டால் இன்னும் சந்தோஷப்படுவேன். முடிந்தால் அந்தக் கடிதத்தையும் வேறொருவரை எழுதவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்